குடல் அழற்சி உள்ளவருக்குக் கணையமும் வீங்கினால்: ஒரு அக்காவின் கேள்விக்குப் பதில்

ஒரு அக்கா தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருந்த கேள்வி இது. தம்பிக்கு 26 வயது. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் க்ரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி இருப்பது போன வருடம் தெரியவந்தது. ஸ்டீராய்டை மெல்லக் குறைத்துக்கொண்டே, கூடவே எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி மேல்வயிற்றில் வலி வந்து முதுகு வரை பாய்ந்திருக்கிறது. வாந்தி நிற்கவில்லை. ரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி 1,140. ஸ்கேனில் கணையம் வீங்கியிருந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பிவிட்டார். "குடல் நோய் கணையத்துக்கும் பரவிவிட்டதா? இனி சர்க்கரை வருமா? இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குடலுக்கு வேறு வழி உண்டா?" இதுதான் அவர் கேட்டது.

குடல், கணைய நோயாளிகளை இருபது வருடங்களுக்கு மேலாகப் பார்த்துவருகிறேன். சுற்றி வளைக்காமல் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பரவவில்லை. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இது மாத்திரையால் வந்த கணைய அழற்சி. மாத்திரையை நிறுத்தினால் கணையம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் பெரும்பாலும் என்று சொல்லும்போதே வேறு காரணங்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதனால்தான் இந்தப் பதில் நீள்கிறது.

இந்த மாதிரி நோயாளி வந்தால் நான் முதலில் கேட்பது மாத்திரை தொடங்கிய தேதியை. ஒரு தடவை ஒரு அம்மா மகனோடு வந்திருந்தார். தேதி ஞாபகம் இல்லை, சீட்டும் தொலைந்துவிட்டது. துணிப்பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து என் மேசை மேல் வரிசையாக வைத்தார். ஒரு அட்டையில் பத்து மாத்திரை. இரண்டு முழுக்கக் காலி, மூன்றாவதில் நான்கு குழி காலி. தினம் ஒன்று. வலி வந்த பிறகு பையன் எதையுமே விழுங்கவில்லை. ஆக, 24-ஆவது நாள். அந்த எண்ணிக்கை வந்ததும் பாதி விஷயம் தெளிவாகிவிட்டது. அசாதியோபிரினால் வரும் கணைய அழற்சி அநேகமாக முதல் ஆறு வாரத்துக்குள் வந்துவிடும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் அபூர்வம். அதே மாத்திரையை மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று கணையம் வீங்கினால், மாத்திரையின் மேல் பழி போடுவதற்கு முன் பித்தப்பையைப் பார்க்கச் சொல்வேன். உங்கள் தம்பிக்கு மூன்றாவது வாரம். நாள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துகிறது.

குடல் அழற்சிக்காக இந்த மாத்திரையைத் தொடங்குகிறவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு இப்படி ஆகிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், லூபஸ் நோயாளிகள், உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்கிக் கல்லீரல் கெட்டவர்கள் என்று வேறு பலரும் இதே மாத்திரையைத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் கணையம் அடிபடுவது க்ரோன் நோயாளிகளிடம்தான் அதிகம். ஏன் என்பதற்கு ஒரு பாதி விளக்கம் 2014-ல் கிடைத்தது. நம் உடம்பு தன்னுடையதையும் அயலையும் பிரித்தறியப் பயன்படுத்தும் எச்எல்ஏ மரபணுக்களில் ஒரு குறிப்பிட்ட வகை இருப்பவர்களுக்கு ஆபத்து கூடுகிறது என்று கண்டார்கள். அந்த வகை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் கணைய அழற்சி வரும் வாய்ப்பு 9 சதவீதம், இருவரிடமிருந்தும் வந்திருந்தால் 17 சதவீதம். அதாவது இது மருந்து விஷமாகும் கதை இல்லை. அந்த ஆளின் எதிர்ப்பு சக்தி அந்த மருந்தோடு போடும் சண்டை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

"மாத்திரை தொடங்கும் முன் ஒரு மரபணு டெஸ்ட் எடுத்தார்களே, நார்மல் என்றார்களே" என்று பலர் கேட்பார்கள். அந்த டெஸ்ட் டிபிஎம்டி, என்யுடிடி15 என்ற இரண்டுக்கானது. வெள்ளை அணுக்கள் திடீரென்று குறைந்துபோகுமா என்பதைத்தான் அது சொல்லும். இரண்டாவது டெஸ்ட் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமானதும்கூட, ஏனென்றால் அந்த மாற்றம் ஆசியர்களிடம் அதிகம். ஆனால் கணையத்தைப் பற்றி இரண்டுமே ஒன்றும் சொல்லாது. ஆகவே யாரும் உங்களை ஏமாற்றவில்லை. அப்புறம் ஒன்று: தம்பி சிகரெட் பிடிப்பவரா? புகைப்பவர்களுக்கு இந்த மாத்திரையால் கணையம் வீங்குவது அதிகம். க்ரோன் நோயையும் புகை மோசமாக்கும். திட்டாமல், அண்ணன் தம்பி பேசுவதுபோல் பேசிப் பாருங்கள்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாத்திரையைத் தம்பி வாழ்நாளில் மறுபடி தொடக்கூடாது. பாதி மாத்திரை, கால் மாத்திரை என்ற பேச்சே வேண்டாம். சண்டை போடுவது எதிர்ப்பு சக்தி என்பதால் அளவைக் குறைத்தாலும் அது விடாது. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இதே கதைதான் நடந்தது. முதல் தடவை வலி வந்து, மாத்திரையை நிறுத்தி, நன்றாகிப் போனார். எட்டு மாதம் கழித்து வேறு ஊரில் வேறொரு மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து அதே மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டார். கடைக்காரர் கொடுத்தது வேறு கம்பெனி அட்டை, வேறு நிறம், வேறு பெயர். அவருக்கு அது பழைய மாத்திரை என்றே தெரியவில்லை. இந்தத் தடவை வலி வர மூன்று வாரம் ஆகவில்லை. இரண்டாவது நாளே ஆம்புலன்ஸில் வந்தார். முதல் ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'கணைய அழற்சி' என்று மட்டும் இருந்தது. எதனால் வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அவஸ்தை இருந்திருக்காது.

அசாதியோபிரின் உடம்புக்குள் போய் மெர்கேப்டோபியூரின் என்ற மருந்தாக மாறுகிறது. அதுவும் தனி மாத்திரையாகக் கிடைக்கிறது. முதல் மாத்திரையில் கணையம் வீங்கியவர்களுக்கு இரண்டாவதைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர்கள் உண்டு. சிலர் தாங்கிக்கொண்டதும் உண்டு. ஆனாலும் நான் கொடுக்கமாட்டேன். வேறு நல்ல மருந்துகள் இத்தனை இருக்கும்போது அந்தப் பரீட்சை எதற்கு?

சரி, மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டும் முன் பார்க்க வேண்டிய மற்றவை. டென்மார்க் நாடு முழுவதும் 16 வருடம் கணக்கெடுத்து 1999-ல் வெளியிட்டார்கள். க்ரோன் நோயாளிகளுக்குக் கணைய அழற்சி வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு, பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகளுக்கு இரண்டு மடங்கு என்று அதில் தெரிந்தது. இதற்கு முழுக் காரணமும் மருந்து கிடையாது.

உங்கள் தம்பிக்கு நோய் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்றீர்கள். அந்த இடத்துக்கு ஒரு தனி வேலை உண்டு. கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்பிவைப்பது அந்தப் பகுதிதான். அங்கே புண் இருந்தாலோ, அதை வெட்டி எடுத்திருந்தாலோ, பித்தத்தின் சேர்மானம் மாறிப் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பு கூடுகிறது. சின்னக் கல் நழுவிப் பித்தக்குழாயின் வாயில் போய் நின்றால், அதே வாய் வழியாக வெளியேற வேண்டிய கணையநீர் தேங்கிவிடும். அதனால்தான் நாள் கணக்கு எவ்வளவு பொருந்தினாலும் வயிற்று அல்ட்ராசவுண்டில் பித்தப்பை சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்காமல் நான் விடுவதில்லை. தம்பியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். பித்தப்பை பற்றி ஒரு வரி இருக்கும். கூடவே வலி வந்த அன்று எடுத்த கல்லீரல் பரிசோதனையில் எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருந்தால் கல்லின் மேல் சந்தேகம் வலுக்கும்.

மது, ட்ரைகிளிசரைடு 1,000-க்கு மேல் போவது, கால்சியம் கூடுவது ஆகியவை யாருக்கும் உள்ள பொதுவான காரணங்கள். குடல் நோயாளிகளுக்கென்று இன்னும் இரண்டு உண்டு. க்ரோன் நோய் அபூர்வமாக இரைப்பையை ஒட்டிய முன்சிறுகுடலிலும் வரும். கணையக் குழாய் திறப்பது அங்கேதான். அந்த வாய் வீங்கிச் சுருங்கினால் கணையம் பாதிக்கப்படும். இன்னொன்று நாங்கள் செய்யும் சோதனைகள். வாய் வழியாக நீளக் குழாயை விட்டு இரட்டை பலூன் எண்டோஸ்கோபி செய்த பிறகு சிலருக்குக் கணையம் வீங்குவதுண்டு. எண்டோஸ்கோப் வழியாகப் பித்தக்குழாய், கணையக் குழாய்க்குள் சாயம் செலுத்திப் பார்க்கும் இஆர்சிபி செய்த பிறகும் அப்படித்தான், அதில் இன்னும் அதிகம். குடல் அழற்சிக்கே கொடுக்கும் மெசலமைன், சல்பாசலசைன் மாத்திரைகளின் பெயரும் அடிபடும். ஆனால் அவற்றால் வருவது மிகவும் அரிது. லட்சக்கணக்கானவர்கள் வருடக்கணக்காகச் சாப்பிடும் மருந்துகள் அவை, பயந்து நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்து, அந்த 1,140 என்ற எண். அதைப் பார்த்து வீடே நடுங்கிப் போயிருக்கும். கணைய அழற்சி என்று சொல்ல மூன்றில் இரண்டு இருக்க வேண்டும்: அந்த வகை வலி, லைபேஸோ அமைலேஸ் என்ற இன்னொரு நொதியோ மேல் எல்லையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போவது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். பல லேப்களில் லைபேஸின் மேல் எல்லை 60-ஐ ஒட்டி இருக்கும். தம்பிக்கு மூன்றுமே இருந்திருக்கிறது, அதனால் நோயில் சந்தேகமில்லை. ஆனால் எண் பெரிதாக இருப்பதால் நோயும் பெரிது என்று கிடையாது. 400 உள்ளவர் ஐசியூவில் கிடந்ததையும், 3,000 உள்ளவர் மூன்றாம் நாள் இட்லி கேட்டதையும் பார்த்திருக்கிறேன். எவ்வளவு தீவிரம் என்பதை மூச்சு, சிறுநீர், ரத்த அழுத்தம், முதல் இரண்டு நாட்களில் உடம்பு எப்படித் தாங்குகிறது என்பவைதான் சொல்லும். ஐந்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றாலே லேசான வகைதான். குறைந்த எண் வரும்வரை தினமும் லைபேஸ் எடுக்கவும் தேவையில்லை. வலி போய்ச் சாப்பிட முடிந்தால் போதும், எண் இறங்க இரண்டு வாரம்கூட ஆகும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடல் அழற்சிக்காரர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வலியே இல்லாமல் லைபேஸ் மட்டும் ஏறியிருப்பது இவர்களிடம் சகஜம். ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம், குடல் நோய் பரவலாக இருப்பவர்களிடம் இன்னும் கூடுதலாக, இப்படி இருக்கும். வீங்கிய குடலின் சுவர் கசிகிறது. குடலுக்குள் கொட்டும் கணைய நொதி கொஞ்சம் ரத்தத்துக்குள் திரும்பிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண், கொலைட்டிஸ் கட்டுக்குள் இருப்பவர், மாஸ்டர் ஹெல்த் செக்கப் எடுத்தார். லைபேஸ் 130. வலி கிடையாது, நன்றாகச் சாப்பிடுகிறார். அந்த எண்ணைப் பார்த்து அவரைப் படுக்கவைத்து, இரண்டு நாள் சாப்பாட்டை நிறுத்தி, குடலுக்கான மாத்திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு மாதத்தில் கொலைட்டிஸ் திரும்பிவந்து, ரத்தமாகப் போய், ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியது. வலி இல்லாத ஆளுக்கு லைபேஸ் எடுக்கவே வேண்டாம் என்பது என் பழக்கம். எடுத்து ஏறியிருந்தால் ஒரு அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன்.

கணையமும் குடலும் சேர்ந்து பாதிக்கப்படுவது இன்று நேற்று தெரிந்த விஷயம் இல்லை. 1950-லேயே அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்து இறந்தவர்களின் கணையங்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரிடம் அழற்சியின் தடம் இருந்தது. உயிரோடு இருந்தபோது அவர்களில் பெரும்பாலோருக்குக் கணையத்தால் தொந்தரவு இருந்ததாகவே தெரியவில்லை. க்ரோன் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரின் ரத்தத்தில் கணையத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறது. அது எதைக் குறிவைக்கிறது என்பது 2009-ல் ஜெர்மனியில் தெரியவந்தது. ஜிபி2 என்ற புரதம். கணைய செல்களில், நொதிகளைப் பொட்டலம் கட்டி வைத்திருக்கும் உறையில் அது இருக்கிறது. எனக்கு இதில் வியப்பூட்டுவது என்னவென்றால், அதே புரதம் சிறுகுடலில் பாக்டீரியாவைப் பிடித்து எதிர்ப்பு சக்திக்குக் காட்டிக்கொடுக்கும் செல்களின் மேலும் இருக்கிறது. அந்தச் செல்கள் நிறைய இருப்பது சிறுகுடலின் கடைசிப் பகுதியில், க்ரோன் நோய்க்கு மிகவும் பிடித்த இடத்தில். இரண்டு உறுப்புகளையும் இணைக்கும் நூல்களில் ஒன்று இதுவாக இருக்கலாம். ஆனால் அந்த எதிர்ப்பொருள் இருப்பவர்களுக்கெல்லாம் கணையம் கெடுவதில்லை. ஆகவே அந்த டெஸ்டை நான் எழுதிக்கொடுப்பதில்லை.

நான் தவறவிடக்கூடாது என்று பயப்படுவது வேறொன்று: தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குவது. இதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வரும், ரத்தத்தில் ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் கூடியிருக்கும், காமாலையோடு வருவார்கள். இரண்டாவது வகைதான் குடல் அழற்சியோடு சேர்ந்துவருவது, அதிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸோடு. இளவயதினர், ஆண், பெண் இருபாலருக்கும் வரும். ஐஜிஜி4 நார்மலாகவே இருக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பினால் தப்பிவிடும். ஸ்கேனில் கணையம் அதன் மேடுபள்ளங்களை இழந்து வழவழவென்று நீளமாக, மேல்நாட்டு ரேடியாலஜிஸ்டுகள் சாசேஜ் மாதிரி என்பார்கள், நன்றாகப் பழுத்த நேந்திரம்பழத்தை உரித்து வைத்தாற்போல் தெரியும். கணையக் குழாய் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒடுங்கியிருக்கும். சில சமயம் ஒரு இடம் மட்டும் கட்டிபோல் வீங்கி, புற்றுநோயோ என்று குடும்பத்தையே கலங்கடிக்கும். எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் பல நேரம் தெளிவாகும். ஸ்டீராய்டு கொடுத்தால் இரண்டே வாரத்தில் வீக்கம் வடிவதைப் படத்தில் பார்க்கலாம். அப்படி வடிந்தால் நோய் இதுதான் என்பதும் உறுதியாகும், வெட்ட வேண்டியதும் இல்லை.

உங்கள் தம்பிக்கு இது இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டீராய்டு குறைந்துகொண்டிருந்த நேரத்தில் வலி வந்தது என்பதால் மட்டும் ஒரு சின்னக் கேள்விக்குறி இருக்கிறது. ஆகவே ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒரு எம்ஆர்சிபி எடுத்துப் பார்ப்பது நல்லது. அது எம்ஆர்ஐ மெஷினிலேயே எடுப்பது, குழாய் எதுவும் உள்ளே போகாது. கணையக் குழாய் ஒரே சீராக இருந்தால் இந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டாவது தடவை வலி வந்தால் மட்டும் இந்தப் பத்தியை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, கணையம் நொதி சுரக்கவில்லையோ என்ற சந்தேகமும் இவர்களுக்கு வரும். மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, ஃப்ளஷ் செய்தாலும் ஒட்டிக்கொண்டு, நாற்றம் தாங்காமல் இருந்தால், கூடவே எடையும் இறங்கினால், மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதியை அளப்போம். ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 100-க்குக் கீழே மிகக் குறைவு. இங்கே ஒரு பொறி இருக்கிறது. மலம் தண்ணீராகப் போகும்போது எடுத்தால் நொதி நீர்த்துப்போய்ப் பொய்யாகக் குறைவாகக் காட்டும். குடல் நோய் சீறிக்கொண்டிருக்கும் சமயத்தில் கணையம் உண்மையிலேயே கொஞ்சம் சோர்ந்துபோவதும் உண்டு. குடல் அடங்கி, மாதங்கள் கழித்துத் திரும்ப அளந்தால் பலருக்கு நார்மலுக்கு வந்துவிடுகிறது. ஆகவே கெட்டியான மலத்தில், குடல் அமைதியாக இருக்கும்போது எடுத்த அளவைத்தான் நம்ப வேண்டும். கடைசிச் சிறுகுடலில் நோய் உள்ளவர்களுக்குப் பித்த உப்பு பெருங்குடலுக்குள் இறங்கியும் வயிற்றுப்போக்கு வரும். அதற்குக் கொலெஸ்டிரமைன் பொடி கேட்கும், நொதி மாத்திரை கேட்காது.

நொதி உண்மையிலேயே குறைவு என்றால் கணைய நொதிக் கேப்ஸ்யூல் உண்டு. பெரிய சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ். பலர் இதை வெறும் வயிற்றில், காலையில் ஒன்று என்று சாப்பிட்டுவிட்டுப் பலனில்லை என்பார்கள். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று உணவோடு கலந்து போக வேண்டும். ஒரு விஷயத்தை மருத்துவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறோம், அது சரியில்லை: இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. சைவ உணவுக்காரர்களும் இஸ்லாமியரும் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க உரிமை உள்ளவர்கள். இப்போதைக்கு உங்கள் தம்பிக்கு இது எதுவும் தேவைப்படாது.

சர்க்கரை பற்றிய பயம். லேசான கணைய அழற்சி ஒரே ஒரு தடவை வந்து போனால் பெரும்பாலோருக்குச் சர்க்கரை வருவதில்லை. ஆனால் சிலருக்கு அடுத்த வருடத்தில் சர்க்கரை ஏறத் தொடங்குவது உண்மை. ஆகவே மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, பிறகு வருடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு எச்சரிக்கை. ஸ்டீராய்டு சாப்பிடும் காலத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் அதைக் கணையத்தின் கணக்கில் எழுதாதீர்கள், ஸ்டீராய்டை நிறுத்தியபின் திரும்பப் பாருங்கள். அடுத்தது, க்ரோன் நோயாளிகளுக்கு இரும்புச் சத்துக் குறைவு சாதாரணம். ரத்தசோகை இருக்கும்போதும், இரும்பு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி தவறான எண்ணைக் காட்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மது குடிக்காத இளவயதினருக்கே கணையக் குழாயில் பெரிய பெரிய கற்கள் சேர்ந்து, கணையம் சுருங்கி, சர்க்கரை வரும் ஒரு நோய் உண்டு. வெப்பமண்டலக் கணைய அழற்சி என்பார்கள். 1959-ல் சுய்டெமா என்ற மருத்துவர் இந்தோனேசியாவில் இதைப் பற்றி எழுதினார், பிறகு கேரளத்தின் கீவர்கீஸ் நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்தார். முன்பைவிட இப்போது குறைந்துவிட்டது, ஆனாலும் மறைந்துவிடவில்லை. தம்பியின் ஸ்கேனில் கணையத்தில் கல், சுண்ணாம்புப் படிவு என்று ஒரு வார்த்தை இருந்தால் குடல் நோயோடும் மாத்திரையோடும் அதை முடிச்சுப் போடாமல் தனியாக விசாரிக்க வேண்டும். மூன்று வாரத்தில் எந்த மாத்திரையாலும் கல் சேராது.

இனி குடல் வைத்தியம். கணையத்தைப் பற்றிய பதற்றத்தில் நிறையக் குடும்பங்கள் எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துக் குடல் அடைப்போடு வருகிறார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. நிறுத்த வேண்டியது ஒரு மாத்திரை மட்டும். அதன் இடத்தில் வைக்க மெத்தோட்ரெக்சேட் இருக்கிறது. வாரம் ஒரே ஒரு நாள் போட வேண்டியது, கூடவே ஃபோலிக் ஆசிட். தினமும் சாப்பிட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, எந்தக் கிழமை என்று அட்டையில் எழுதி ஒட்டிவையுங்கள். தம்பி கல்யாணம், குழந்தை என்று திட்டம் வைத்திருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொரு வழி ஊசி மருந்துகள்: இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப். இவற்றின் இந்தியத் தயாரிப்புகள் வந்த பிறகு விலை முன்பைவிட இறங்கியிருக்கிறது, ஆனாலும் நடுத்தரக் குடும்பத்துக்குப் பாரம்தான். தொடங்கும் முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கட்டாயம். நம் நாட்டில் கடைசிச் சிறுகுடல் புண் என்றாலே க்ரோனா காசநோயா என்ற குழப்பம் எப்போதும் உண்டு. அதனால் முதலில் எடுத்த பயாப்சி ரிப்போர்ட்டையும் புது மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள். இந்த ஊசிகளுக்கும் அசாதியோபிரினுக்கும் சம்பந்தமில்லை, கணையத்தைக் காரணம் காட்டி அவற்றைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

சாப்பாட்டில் முதல் இரண்டு மூன்று வாரம் எண்ணெயைக் குறைத்து, ஒரேயடியாக வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். பிறகு வழக்கமான சாப்பாடுதான். மது வேண்டவே வேண்டாம். மறுபடி அதே மாதிரி முதுகுக்குப் பாயும் வலி, நிற்காத வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சின்ன அட்டையில், தமிழிலும் ஆங்கிலத்திலும், 'அசாதியோபிரினால் கணைய அழற்சி வந்தது, மெர்கேப்டோபியூரினும் கொடுக்க வேண்டாம்' என்று எழுதி, மாத்திரை தொடங்கிய தேதியையும் வலி வந்த தேதியையும் கீழே போட்டு, தம்பியின் பர்ஸில் வையுங்கள். அதையே போட்டோ எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைகளில் இந்த மருந்து பல பெயர்களில் வரும், அதனால் அட்டையில் கம்பெனிப் பெயரை எழுதாமல் மருந்தின் பெயரையே எழுதுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகளை எண்ணித் தேதியை உறுதி செய்துகொண்ட பிறகு தூக்கிப் போட்டுவிடலாம்.